கேரவனின் தண்ணீர் லைனில் விசித்திரச் சத்தமா? எங்கே என்று தேடும் முன் எப்போது என்று பாருங்கள்

கேரவனில் தண்ணீர் லைன் சத்தமே போடாமல் இருக்காது. குழாயைத் திறந்தால் பம்ப் உறுமும். ஹீட்டர் சூடாகும்போது உலோகம் விரிந்து 'டிக் டிக்' என்னும். தொட்டி காலியாகும் தறுவாயில் பம்பின் குரல் மாறும். இதெல்லாம் இயல்பு. புதிதாகக் கேரவன் வாங்கியவர்களைக் கலங்கடிப்பது வேறு சத்தங்கள்: யாரும் குழாயைத் தொடாத நேரத்தில் தானாக ஓடி நிற்கும் பம்ப், குழாயை மூடியதும் சுவருக்குள் விழும் 'டொம்', வெந்நீர் போட்டால் கேட்கும் சடசடப்பு.

இப்படி ஒரு சத்தம் கேட்டதும் பலரும் அது எங்கிருந்து வருகிறது என்று தேடத் தொடங்குகிறார்கள். வீட்டில் அது சரி, கேரவனில் பலிக்காது. கேரவனின் சுவர் என்பது மெல்லிய பலகை, நடுவில் ஃபோம், வெளியே ஒரு தகடு. தரையும் ஏறக்குறைய அப்படித்தான். மொத்த வண்டியும் மத்தளத்தின் தோல் மாதிரி அதிரும். முன்பக்க இருக்கைக்கு அடியில் இருக்கும் பம்பின் அதிர்வு பைப் வழியாக ஓடி, பின்பக்கக் குளியலறைச் சுவரில் பெரிதாக ஒலிக்கும். காதை மட்டும் நம்பிச் சுவரைப் பிரித்தவர்கள் உண்டு. உள்ளே ஒன்றும் இருக்காது.

ஆகவே 'எங்கே' என்பதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு 'எப்போது' என்று கேளுங்கள். பம்ப் ஓடும்போதா, ஓடாதபோதா? குழாய் திறந்திருக்கும்போதா, மூடியிருக்கும்போதா, மூடும் அந்தக் கணத்திலா? ஹீட்டர் எரிகிறதா, அணைந்திருக்கிறதா? தண்ணீர் சொந்தத் தொட்டியிலிருந்து வருகிறதா, வெளி இணைப்பிலிருந்தா? இந்த நான்குக்கும் விடை எழுதிக்கொண்டால் பழுது இருக்கும் இடம் பெரும்பாலும் தானாகவே குறுகிவிடும்.

தண்ணீர் போகும் பாதை

குழப்பம் வராமல் இருக்க: இந்தக் கட்டுரையில் குழாய் என்றால் கையால் திறந்து மூடும் குழாய். சுவருக்குள்ளும் தரையோரத்திலும் ஓடுவது பைப். வளையக்கூடியது ஹோஸ்.

தொட்டியிலிருந்து கிளம்பும் தண்ணீர் முதலில் ஒரு சின்ன வடிகட்டிக்கு வரும். உள்ளே சல்லடை, வெளியே பெரும்பாலும் ஒளி புகும் பிளாஸ்டிக் கிண்ணம். அடுத்தது 12 வோல்ட் பம்ப். பம்பைத் தாண்டியதும் லைன் இரண்டாகப் பிரியும். ஒன்று நேராகப் பச்சைத் தண்ணீர்க் குழாய்களுக்குப் போகும். இன்னொன்று ஹீட்டருக்குள் நுழைந்து வெந்நீர் லைனாக வெளிவரும். தண்ணீர் பின்னோக்கிப் போகாமல் தடுக்க ஆங்காங்கே செக் வால்வு. ஹீட்டரில் அழுத்தம் எல்லை மீறினால் திறந்துகொள்ள ரிலீஃப் வால்வு. சில வண்டிகளில் பம்பை அடுத்து உருண்டையாக ஒரு சின்ன டப்பா இருக்கும். அதன் பெயர் அக்யுமுலேட்டர். அதைப் பற்றிப் பின்னால் விரிவாக வருகிறது.

பம்ப் இரண்டு வகை. டயாஃப்ரம் பம்ப் தொட்டிக்கு வெளியே உட்கார்ந்து ரப்பர் சவ்வால் தண்ணீரை உறிஞ்சித் தள்ளும். அதன் தலையிலேயே பிரஷர் ஸ்விட்ச் இருக்கும். எல்லாக் குழாயும் மூடியிருந்தால் லைனில் அழுத்தம் ஏறி, குறிப்பிட்ட அளவில் (பல பம்புகளில் 2.8 பார் ஒட்டி; பார் என்பது அழுத்தத்தின் அலகு) பம்ப் நின்றுவிடும். அழுத்தம் ஏறக்குறைய ஒரு பார் இறங்கியதும் மறுபடி ஓடும். இன்னொரு வகை சப்மெர்சிபிள் பம்ப். தொட்டிக்குள்ளோ, வெளியே வைக்கும் தண்ணீர் டிரம்முக்குள்ளோ முங்கிக் கிடந்து, சின்ன விசிறியால் தண்ணீரைத் தள்ளும். இதை ஓட்டுவது குழாய்க்குள் இருந்து, அதைத் திறந்ததும் பம்பைப் போடும் மைக்ரோ ஸ்விட்ச், இல்லாவிட்டால் லைனில் தனியாக வைத்த பிரஷர் ஸ்விட்ச். டயாஃப்ரம் பம்ப் 'டர்ர்ர்' என்று ஓடும், சப்மெர்சிபிள் 'விய்ங்' என்று ஓடும். உங்களிடம் இருப்பது எது என்று தெரியாமல் மேற்கொண்டு போகாதீர்கள். கீழே வரும் பாதிச் சோதனைகள் அதைப் பொறுத்தவை.

யாரும் தொடாமலே ஓடும் பம்ப்

இரவில் எல்லாக் குழாயும் மூடியிருக்கிறது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை 'டர்ர்' என்று ஒரு நொடி ஓடி நிற்கிறது. கேரவன்காரர்கள் அதிகம் கேட்கும் சத்தமும் இதுதான், அலட்சியம் செய்யவே கூடாத சத்தமும் இதுதான். லைனில் பிடித்து வைத்த அழுத்தம் எங்கேயோ கசிகிறது என்பது இதன் பொருள்.

ஆனால் பயப்படும் முன் ஒன்றைச் சரிபாருங்கள்: படுக்கும் முன் ஹீட்டரை அணைத்தீர்களா? தண்ணீர் 15 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குச் சூடானால் சுமார் 2 சதவீதம் விரியும். ஆறும்போது அதே அளவு சுருங்கும். 10 லிட்டர் ஹீட்டரில் அது 200 மில்லிக்கும் மேல். சுருங்கச் சுருங்க லைனில் அழுத்தம் இறங்கும், பம்ப் ஓடி ஈடுகட்டும். இது பழுதே அல்ல. ஹீட்டர் முழுக்க ஆறிக் குளிர்ந்த பிறகும் பம்ப் தானாக ஓடினால்தான் கசிவு என்று கொள்ளுங்கள். இதைக் கவனிக்காமல் நல்ல பம்பைக் கழற்றி மாற்றியவர்கள் பலர்.

கசிவுதான் என்று உறுதியானால், பம்ப் ஓடி நின்றதிலிருந்து அடுத்த ஓட்டம் வரை எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்று முறை குறித்தால் போதும். பிறகு எதைச் சரி செய்தாலும் இந்த இடைவெளி கூடியதா என்று பார்க்கலாம்.

அடுத்த கேள்வி, தண்ணீர் முன்னோக்கிக் கசிகிறதா, பின்னோக்கியா? பம்பைத் தாண்டியதும் இருக்கும் ஹோஸ் மென்மையானதாக இருந்தால், துணி சுற்றி, ஹோஸ் நெருக்கும் கிளாம்பால் இறுக்குங்கள். கெட்டிப் பைப்பாக இருந்தால், குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கிவிட்டு, பம்பின் வெளிவாயைக் கழற்றி அதற்குப் பொருந்தும் மூடியால் அடையுங்கள். இப்போது பம்பைப் போடுங்கள். உடனே அழுத்தம் ஏறி நிற்கும். நின்றது நின்றபடியே இருந்தால் பம்ப் நல்ல பம்ப், கசிவு அதைத் தாண்டி எங்கோ இருக்கிறது. அடைத்த பிறகும் விட்டு விட்டு ஓடினால், பம்புக்குள் இருக்கும் செக் வால்வு வழியாகத் தண்ணீர் தொட்டிக்கே திரும்புகிறது.

பின்னோக்கிக் கசிவென்றால் பெரும்பாலும் காரணம் ஒரு மணல்துகளோ, தொட்டியைத் துளையிட்டபோது உள்ளே விழுந்த பிளாஸ்டிக் சீவலோதான். வால்வின் ரப்பருக்கு அடியில் அது மாட்டிக்கொண்டால் வால்வு முழுக்க மூடாது. பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, பம்ப் தலையின் திருகுகளைக் கழற்றி, ரப்பர் தட்டுகளைச் சுத்தமான தண்ணீரில் அலசிப் பொருத்துங்கள். ரப்பர் வளைந்தோ கிழிந்தோ இருந்தால் வால்வு கிட் மட்டும் மாற்றினால் போதும்.

முன்னோக்கிக் கசிவென்றால் டிஷ்யூ பேப்பர்தான் சிறந்த கருவி. விரலுக்குத் தெரியாத ஈரம் பேப்பரில் உடனே கருமையாகத் தெரியும். ஒவ்வொரு இணைப்பின் கீழும் ஒரு துண்டு வைத்து அரை மணி நேரம் விடுங்கள். குழாய்களின் அடிப்பாகம், ஷவர் தலை, வண்டிக்கு வெளியே இருக்கும் ஷவர் இணைப்பு, லைனிலிருந்து தண்ணீர் எடுக்கும் கழிப்பறையின் வால்வு, ஹீட்டரின் இரண்டு இணைப்புகள் எல்லாம் பாருங்கள். வண்டிக்கு அடியில் ரிலீஃப் வால்வின் வாய் இருக்கும் இடத்தில் காய்ந்த கிண்ணம் ஒன்றை வையுங்கள். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் அங்கே மட்டும் சொட்டுவது அடிக்கடி நடக்கும்.

சில ஹீட்டர்களில் உறைபனிப் பாதுகாப்பு வால்வு இருக்கும். ட்ரூமா நிறுவனத்தின் ஃப்ராஸ்ட்கன்ட்ரோல் இந்த வகை. வெப்பநிலை 3 டிகிரி அளவுக்கு இறங்கினால் அது தானாகத் திறந்து ஹீட்டர் தண்ணீரை எல்லாம் வெளியே விட்டுவிடும். 7 டிகிரிக்கு மேல் ஏறிய பிறகுதான் கையால் மூட முடியும். குளிர்ந்த காலையில் பம்ப் நிற்காமல் ஓடி, வண்டிக்கு அடியில் தண்ணீர் ஓடுகிறதென்றால் முதலில் இதைப் பாருங்கள். எதுவும் உடைந்திருக்காது.

மைக்ரோ ஸ்விட்ச் வகை லைனில் கதை வேறு. அங்கே அழுத்தத்துக்கு வேலையே இல்லை. குழாய் மூடியும் பம்ப் ஓடினால் ஏதோ ஒரு குழாயின் ஸ்விட்ச் ஈரம் பட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு குழாயின் ஒயரையும் ஒன்றொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் பம்ப் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. சப்மெர்சிபிளும் தனிப் பிரஷர் ஸ்விட்சும் இருந்தால் பேட்டரியையும் சந்தேகப்படுங்கள். வோல்டேஜ் குறைந்தால் பம்ப் மெதுவாகச் சுற்றும், நிற்க வேண்டிய அழுத்தத்தை எட்டவே எட்டாது, ஓடிக்கொண்டே இருக்கும். பேட்டரி முழுக்க சார்ஜ் ஆகியும் அப்படியே இருந்தால் மட்டும் ஸ்விட்சின் திருகைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பிப் பாருங்கள்.

காரணம் தெரியும்வரை இரவிலும், வண்டி ஓடும்போதும், வெளியே கிளம்பும்போதும் பம்ப் ஸ்விட்சை அணைத்தே வையுங்கள். இன்று சொட்டும் இணைப்பு நாளை கழன்றால், பம்ப் தொட்டி முழுவதையும் தரைக்குள் இறைத்துவிடும். கேரவனின் மரத்தரை உள்ளே நனைந்தால் காய்வது கடினம். அழுகத் தொடங்கியது கால் பதியும்போதுதான் தெரியும்.

குழாயைப் பாதி திறந்தால் 'டகடகடக'

முழுக்கத் திறந்தால் பம்ப் சீராக ஓடுகிறது. கை கழுவ மெல்லத் திறந்தால் நொடிக்கு நாலைந்து தடவை ஓடி ஓடி நிற்கிறது. தண்ணீரும் துடித்துத் துடித்து விழுகிறது. இதில் உடைந்தது எதுவும் இல்லை, கணக்குதான் ஒத்துவரவில்லை.

பம்ப் நிமிடத்துக்கு 10 லிட்டர் தள்ளும் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் எடுப்பது 2 லிட்டர். மிச்சத்துக்குப் போக இடமில்லை. தண்ணீர் அமுங்காது, பைப்பும் சில மில்லிதான் விரிந்து கொடுக்கும். நொடியில் அழுத்தம் உச்சத்துக்கு ஏறிப் பம்ப் நிற்கும். அந்தச் சில மில்லி வெளியேறியதும் அழுத்தம் விழுந்து மறுபடி ஓடும். இப்படி ஓடுவதால் ஸ்விட்சின் முனைகள் தீய்ந்து சீக்கிரம் பழுதாகும்.

அக்யுமுலேட்டர் இதற்குத்தான். டப்பாவுக்குள் ஒரு ரப்பர் சவ்வு. ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் தண்ணீர். பம்ப் தள்ளும் மிச்சத் தண்ணீர் காற்றை அமுக்கிக்கொண்டு உள்ளே போகும். பம்ப் நின்றதும் காற்று அதைத் திருப்பித் தள்ளும். ஒரு லிட்டர் டப்பா, பம்ப் 1.8 பாரில் ஓடி 2.8 பாரில் நிற்பது, டப்பாவின் காற்று 1.7 பார் என்று வைத்துக் கணக்குப் போட்டால், இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே சுமார் கால் லிட்டர் கிடைக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் எடுத்தாலும் பம்ப் ஏழெட்டு நொடி ஓய்வெடுக்கும். முன்பு நொடிக்கு நாலு தடவை துடித்த பம்ப் இது.

இதே கணக்கு கசிவை அளக்கவும் உதவும். இந்த டப்பா இருக்கும் லைனில் பம்ப் மணிக்கு ஒருமுறை தானாக ஓடினால், மணிக்குக் கால் லிட்டர், நாளைக்கு 6 லிட்டர் எங்கேயோ போகிறது. மணிக்கு ஒரு தடவைதானே என்று விட்டுவிடக் கூடாது.

அக்யுமுலேட்டர் இருந்தும் டகடகப்பு வந்தால் காற்று இறங்கியிருக்கும். பம்பை அணைத்து, எல்லாக் குழாயையும் திறந்து, தண்ணீர் அழுத்தம் முழுக்க இறங்கிய பிறகுதான் காற்றை அளக்க வேண்டும். அழுத்தம் இருக்கும்போது அளந்தால் காட்டுவது தண்ணீரின் அழுத்தம். டப்பாவில் டயர் வால்வு மாதிரியே ஒரு வால்வு இருக்கும். சைக்கிள் பம்பே போதும். பம்ப் மறுபடி ஓடத் தொடங்கும் அழுத்தத்தைவிடச் சற்றே குறைவாக, 0.1 முதல் 0.2 பார் குறைவாக, காற்றை வையுங்கள். உற்பத்தியாளர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். வால்வு ஊசியை அழுத்தியதும் காற்றுக்குப் பதில் தண்ணீர் பீறிட்டால் சவ்வு கிழிந்துவிட்டது, டப்பாவையே மாற்ற வேண்டும்.

திடீரென்று ஒரே ஒரு குழாயில் மட்டும் இந்தத் துடிப்பு தொடங்கினால் அதன் முனைச் சல்லடையைக் கழற்றிப் பாருங்கள். உப்பு அடைத்து ஓட்டத்தைக் குறுக்கியிருக்கும்.

பம்ப் கத்துகிறது, தண்ணீர் வரவில்லை

பம்ப் வழக்கத்தைவிட உரக்கக் கடகடக்கிறது, குழாயில் காற்றும் தண்ணீருமாகத் துப்புகிறது. தொட்டியில் தண்ணீர் இருக்கிறது. அப்படியானால் பம்ப் காற்றை உறிஞ்சுகிறது.

தொட்டிக்கும் பம்புக்கும் இடைப்பட்ட பகுதியில் உள்ள ஓட்டை ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் இருக்கலாம். அங்கே பம்ப் இழுக்கிறது, ஆகவே தண்ணீர் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகும். ஈரத்தைத் தேடினால் கிடைக்காது. வடிகட்டிக் கிண்ணத்தில் டார்ச் அடித்துக்கொண்டு இன்னொருவரைக் குழாயைத் திறக்கச் சொல்லுங்கள். நல்ல லைனில் கிண்ணம் நிறைந்து அசையாமல் இருக்கும். காற்று புகும் லைனில் ஊசிமுனைக் குமிழிகள் வரிசையாக ஏறி மேலே சேரும். கிண்ணத்தின் விளிம்பிலிருந்தே குமிழி பிறக்கிறதென்றால் ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம் சரியில்லை, அல்லது மூடி கோணலாக ஏறியிருக்கிறது. உள்ளே வரும் ஹோஸிலிருந்தே குமிழி வந்தால் அதற்கும் முன்னால் உள்ள கிளாம்பைப் பாருங்கள். உறைபனியில் நின்ற வண்டியானால் கிண்ணத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். உறையும் தண்ணீர் முதலில் உடைப்பவற்றுள் இந்தக் கிண்ணமும் ஒன்று.

சந்தேகம் தீரவில்லையா? பம்பின் உள்வாயில் ஒரு சின்ன ஹோஸைப் பொருத்தி, மறுமுனையைத் தண்ணீர் நிறைந்த வாளியில் போடுங்கள். பம்ப் உடனே சீராக ஓடினால் பம்பில் குறையில்லை, தொட்டிப் பக்கத்து லைனில்தான் கோளாறு. வாளியிலிருந்தும் இழுக்கவில்லை என்றால் பம்பின் வால்வோ சவ்வோ போயிருக்கிறது.

குமிழி இல்லாமலே பம்ப் திணறினால் அடைப்பு. வடிகட்டிச் சல்லடையைக் கழுவுங்கள். உறிஞ்சும் பக்கத்து ஹோஸ் வலை பின்னியதாக இருக்க வேண்டும். சாதா மெல்லிய ஹோஸ் போட்டிருந்தால், பம்ப் இழுக்கும்போது அது தட்டையாகிப் பாதையை அடைத்துக்கொள்ளும். பம்ப் நின்றதும் மறுபடி உருண்டுவிடும் என்பதால் ஓடும்போது பார்த்தால்தான் தெரியும்.

சப்மெர்சிபிளில் 'விய்ங்' என்ற குரல் வழக்கத்தைவிட மேலே ஏறி, தண்ணீரே வராமல் இருந்தால், விசிறிக்குள் காற்று மாட்டியிருக்கிறது. இந்தப் பம்பால் காற்றை இழுக்க முடியாது. பம்பைத் தண்ணீருக்குள்ளேயே தலைகீழாகப் பிடித்து ஆட்டுங்கள், டிரம்மின் சுவரில் மெல்லத் தட்டுங்கள். குமிழி வெளியேறியதும் குரல் தணிந்து தண்ணீர் வரும். காய்ந்த நிலையில் இதை ஓட விடாதீர்கள், சீக்கிரம் எரிந்துவிடும்.

குரல் ஏறுவதற்குப் பதில் இறங்கி, பம்ப் முனகினால் வோல்ட்மீட்டரை எடுங்கள். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே பம்பின் முனைகளிலும், அதே நேரம் பேட்டரி முனைகளிலும் அளக்க வேண்டும். பேட்டரியில் 12.5 இருந்து பம்பில் 10.5 தான் வருகிறதென்றால் வழியில் ஒரு தளர்ந்த அல்லது பச்சை பூத்த இணைப்பு இரண்டு வோல்ட்டைத் தின்கிறது.

ஊரையே எழுப்பும் உறுமல்

பம்ப் ஒழுங்காக வேலை செய்கிறது, ஆனால் சத்தம் தாங்கவில்லை. அப்போது செய்ய வேண்டியது ஒரே சோதனை: பம்பின் திருகுகளைக் கழற்றி, ஓடும் பம்பைக் கையில் தூக்கிப் பிடியுங்கள். சத்தம் பாதியாகக் குறைந்தால் அதிர்வு பலகை வழியாகப் போகிறது. பம்பின் அடியில் இருக்கும் ரப்பர் கால்களைப் பாருங்கள். பெரும்பாலும் திருகை அளவுக்கு மீறி முறுக்கி ரப்பரை நசுக்கியிருப்பார்கள். நசுங்கிய ரப்பர் கட்டை மாதிரிதான், அதிர்வை அப்படியே கடத்தும். ரப்பர் இன்னும் மெத்தென்று இருக்கும் அளவுக்குத் திருகைத் தளர்த்துங்கள்.

கையில் பிடித்தும் குறையவில்லை என்றால் அதிர்வு பைப் வழியாக ஓடுகிறது. பம்பின் இரு பக்கமும் 45 சென்டிமீட்டராவது வளையும் ஹோஸ் இருக்க வேண்டும். கெட்டிப் பைப்பை நேரடியாகப் பம்பில் செருகியிருந்தால் வண்டியின் எல்லாச் சுவரும் சேர்ந்து பாடும். பிறகு பம்ப் ஓடும்போது பைப்பை இடம் இடமாகக் கையால் அழுத்திக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் அழுத்தியதும் சத்தம் அடங்குகிறதோ அங்கே ஒரு கிளிப்பும், பைப்பைச் சுற்றிக் கொஞ்சம் ஃபோமும் வேண்டும். பலகையைத் துளைத்துப் பைப் போகும் ஓட்டைகளை மறக்காதீர்கள்.

குழாயை மூடியதும் 'டொம்'

ஒற்றைக் கைப்பிடிக் குழாயைச் சட்டென்று மூடினால், ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் ஒரே கணத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. அதன் வேகம் அழுத்த அலையாக மாறிப் பைப்பில் முன்னும் பின்னும் மோதும். இதை நீரடி என்பார்கள். ரஷ்ய அறிவியலாளர் நிகோலாய் ஜுகோவ்ஸ்கி 1897-98ல் மாஸ்கோவின் குடிநீர்ப் பைப்புகளில் சோதித்து இதற்கான சூத்திரத்தைத் தந்தார். தண்ணீரின் அடர்த்தி, பைப்பில் அலை ஓடும் வேகம், நின்ற தண்ணீரின் வேகம் மூன்றையும் பெருக்கினால் திடீரென ஏறும் அழுத்தம் கிடைக்கும். உள்விட்டம் 10 மில்லிமீட்டர் பைப்பில் நிமிடத்துக்கு 6 லிட்டர் ஓடினால் வேகம் நொடிக்கு 1.3 மீட்டர் ஒட்டி. பிளாஸ்டிக் பைப்பில் அலை நொடிக்கு 400 மீட்டர் ஓடும் என்று கொண்டால் ஏறும் அழுத்தம் 5 பார். 2.8 பாரில் நிற்கும் லைனுக்கு அது சின்ன அடி இல்லை. செருகு இணைப்புகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்வது இப்படித்தான்.

கையை மெல்ல விட்டு மூடிப் பாருங்கள். சத்தம் மறைந்தால் நீரடிதான். பைப்பைக் கிளிப் போட்டுக் கட்டினால் சத்தம் குறையும், அடி குறையாது. அடியை உள்வாங்குவது அக்யுமுலேட்டர்தான். மின்சாரத்தால் திறந்து மூடும் சொலினாய்டு வால்வு நம் கைக்குக் கட்டுப்படாது, படக்கென்று மூடும். அந்த வால்வுள்ள கழிப்பறையோ துணி துவைக்கும் மெஷினோ இருந்தால் வால்வுக்கு அருகிலேயே சின்ன அதிர்வுத் தாங்கி ஒன்றைப் பொருத்துவது நல்லது.

ஹீட்டரிலிருந்து வரும் சத்தங்கள்

இங்கே கவனம் தேவை. உள்ளே 70 டிகிரித் தண்ணீர் இருக்கலாம், அது நொடியில் தோலைப் பொசுக்கும். எந்த வால்வைத் திறக்கும் முன்னும் ஹீட்டரை அணைத்து, கேஸை மூடி, ஆற விடுங்கள்.

பற்றும்போது கேட்கும் பொறியின் 'டிக் டிக் டிக்', பிறகு தீயின் மெல்லிய இரைச்சல், உலோகம் விரியும் தட்டல் ஆகியவை இயல்பு. சூடேறும்போது அடியிலிருந்து பொரி பொரிவது போலச் சடசடத்தால் உப்புப் படிவு. படிவுக்கு அடியில் சிக்கும் தண்ணீர் கொதித்து ஆவிக்குமிழியாக வெடிக்கிறது. சிட்ரிக் அமிலத்தாலோ வினிகராலோ கரைக்கலாம், ஆனால் எது, எவ்வளவு, எத்தனை நேரம் என்பதை உங்கள் ஹீட்டரின் கையேட்டில் பார்த்தே செய்யுங்கள். எஃகுத் தொட்டி ஹீட்டரில், தொட்டி துருப்பிடிக்காமல் இருக்கத் தான் கரையும் ஆனோடு கம்பி இருக்கும். அது முக்கால்வாசி கரைந்ததும் மாற்ற வேண்டும். விட்டுவிட்டால் உதிர்ந்த துண்டுகள் உள்ளே உருண்டு சத்தமிடும்.

தண்ணீர் நிரப்பாமல் ஹீட்டரைப் போட்டாலும் சீறலும் வெடிப்பும் கேட்கும். மின்சார வகையானால் கம்பிச்சுருள் சில நிமிடங்களில் எரிந்துவிடும். ஆகவே வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்றெல்லாம் துப்பி முடித்து, சீராகத் தண்ணீர் வரும்வரை ஹீட்டரைத் தொடாதீர்கள். 10 லிட்டர் ஹீட்டர் நிரம்ப ஓரிரு நிமிடம் பிடிக்கும்.

சூடேறும்போது மட்டும் ரிலீஃப் வால்வு 'டப் டப்' என்று சொட்டினால், முன்பு சொன்ன அந்த 200 மில்லி விரிவுதான் போக்கிடம் தேடுகிறது. செக் வால்வு பின்னால் போக விடாது. சில ஹீட்டர்களின் உச்சியில் இதற்கென்றே ஒரு காற்று வெளி விட்டிருப்பார்கள். நாளடைவில் காற்று தண்ணீரில் கரைந்து அது மறைந்துவிடும். அதைத் திரும்ப உண்டாக்க: ஹீட்டரும் பம்பும் அணைந்து, தண்ணீர் ஆறியபின், வெந்நீர்க் குழாய் ஒன்றைத் திறந்து, ரிலீஃப் வால்வின் நெம்பைத் தூக்கி, தண்ணீர் வருவது நிற்கும்வரை பிடித்து, பிறகு மூடுங்கள். ஆறிய பிறகும் சொட்டிக்கொண்டே இருந்தால் வால்வின் இருக்கை அழுக்கடைந்திருக்கிறது, அல்லது வால்வை மாற்றும் காலம் வந்துவிட்டது. அதன் வாயை அடைக்க மட்டும் ஒருபோதும் எண்ணாதீர்கள்.

வெளி இணைப்பில் மட்டும் வரும் சத்தம்

வெளிக் குழாயில் இணைத்தால் விசிலடிக்கிறது, தொட்டியில் ஓடினால் அமைதி. பம்புக்கு இதில் பங்கில்லை. அழுத்தம் அதிகமாகி, குறுகிய இடத்தில் தண்ணீர் சீறிப் போகிறது. அழுத்தக் குறைப்பான் இருக்கிறதா, உங்கள் வண்டியின் லைன் தாங்கும் அளவுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். கேரவனுக்குக் கேரவன் இந்த எல்லை வேறு, ஊகிக்காமல் கையேட்டைப் பாருங்கள். குறைப்பானே ரீங்கரித்தால் உள்ளே மண் புகுந்திருக்கிறது.

இன்னொரு சத்தம் மிக மெல்லியது: வெளி இணைப்பில் இருக்கும்போது தொட்டிக்குள் 'களக் களக்' என்று தண்ணீர் விழுவது. பம்பின் செக் வால்வு வழியாகத் தண்ணீர் பின்னோக்கிப் போய்த் தொட்டியை நிரப்புகிறது. தொட்டியின் அளவுகாட்டி தானாக ஏறினால் சந்தேகமே வேண்டாம், மேலே சொன்ன வால்வுச் சுத்தத்தைச் செய்யுங்கள்.

தொட்டியின் 'டங்', சிங்க்கின் 'கொளகொள'

பம்ப் கொஞ்ச நேரம் ஓடியதும் தொட்டிப் பக்கம் 'டங்' என்று தகரம் நசுங்குவது போல ஒரு சத்தம் வந்தால், தொட்டியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. வெளியேறிய தண்ணீரின் இடத்துக்குக் காற்று வராததால் பிளாஸ்டிக் சுவர் உள்ளே குழிகிறது. நிரப்பும் மூடியைத் திறந்தால் 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே போகும், சுவர் நிமிரும். துளைக் குழலில் பூச்சி கூடு கட்டியிருப்பது சகஜம். மெல்லிய கம்பியால் குத்தி, எதிர்ப்பக்கமாக ஊதிச் சுத்தம் செய்யுங்கள்.

சிங்க்கில் தண்ணீர் இறங்கும்போது கொளகொளப்பதும் காற்றின் வேலையே. கழிவு ஹோஸ் வண்டிக்கு அடியில் தொய்ந்து தொங்கினால், தொய்வில் தண்ணீர் தேங்கி, பின்னால் வரும் காற்றை அடைக்கும். சிங்க்கைக் காலி செய்தால் பக்கத்து ஷவர் வாயில் குமிழி வெடிப்பது இதனால்தான். ஹோஸை ஒரே சரிவாக இழுத்துக் கட்டுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் கழிவுத் தொட்டியின் காற்றுத் துளையைப் பாருங்கள், வெளியே பாத்திரம் வைத்துப் பிடிப்பவரானால் ஹோஸின் முனை அந்தத் தண்ணீருக்குள் முங்காமல் மேலே நிற்கும்படி வையுங்கள்.